‘4 ப்ளை உல்லன், 10ஆம் நம்பர் ஊசி’: இது போதாது, ஆசிரியரே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் ஞாயிறு இணைப்பில் பச்சைக் குழந்தைக்குக் குல்லா பின்னும் குறிப்பு வந்தது. அடுத்த வாரம், மிச்சமான உல்லனில் குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போட்டுக் கரித்துணி செய்யும் குறிப்பு வந்தது. முதலாவது எங்கள் தெருவில் சிரிப்போடு முடிந்தது. இரண்டாவது யார் கையையாவது சுட்டுவிடும் என்று பயந்துதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். குறை சொல்ல மட்டும் எழுதவில்லை. தமிழ்ப் பத்திரிகையில் பின்னல் குறிப்பு வருவதே அபூர்வம். அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி.

1983இல் கோத்தகிரியில் ஆரம்பித்து, 31 வருடம் அரசுப் பள்ளிகளில் தையல் டீச்சராக இருந்தேன். வீட்டுக்காரர் திருச்சி ரோட்டில் ஒரு நூற்பு மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே எங்கள் வீட்டில் நூலைப் பற்றிய பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. சண்டையும் அதைப் பற்றித்தான்.

சரி, குல்லா விஷயத்துக்கு வருகிறேன். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இது முதல் பிரசவம், ஏழு மாதம். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். தங்கள் குறிப்பைப் பார்த்து ஆசைப்பட்டு ஊசியும் நூலும் வாங்கினாள். குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: ‘4 ப்ளை உல்லன், 10ஆம் நம்பர் ஊசி, 104 லூப்’. அவளும் அட்சரம் பிசகாமல் ஃபேன்சி ஸ்டோரில் 4 ப்ளை உல்லன் கேட்டு வாங்கினாள்; ஆன்லைனில் 10ஆம் நம்பர் ஊசி வரவழைத்தாள்; 104 லூப், அதாவது கண்ணி, எண்ணிப் போட்டாள். பத்து நாள் பின்னி முடித்துவிட்டு எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். “டீச்சர், எங்கயோ தப்புப் பண்ணிட்டேனுங்க” என்று விரித்துக் காட்டினாள். டேப் வைத்தேன். சுற்றளவு 65 சென்டிமீட்டர். அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டு வைத்துப் பார்த்தோம். மூக்கு வரைக்கும் இறங்கி, அவர் வாய் மட்டும் வெளியே தெரிந்தது.

அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை. தப்பு அந்த ஒரு வரியில்தான் இருந்தது.

முதலில் ‘4 ப்ளை’. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 4 ப்ளை என்றால் காலுறை பின்னுகிற ஒல்லி நூல். 100 கிராமில் சுமார் 400 மீட்டர் இருக்கும். அமெரிக்காவில் பழைய நாளிலிருந்து 4 ப்ளை என்று சொல்லி வந்தது ஸ்வெட்டர், போர்வைக்கு ஆகும் நல்ல கனமான நூலை. நம் ஊர்க் கடைகளிலோ இரண்டும் கிடைக்கும், இரண்டுக்கும் அதே பெயர்தான். ப்ளை என்றால் இழை. எத்தனை இழையைச் சேர்த்து முறுக்கினார்கள் என்பதை மட்டும்தான் அது சொல்லும். என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ப்ளைன்னா எத்தனை ஆளுன்னுதான் கணக்கு. ஆளு ஒல்லியா குண்டான்னு அதுல எங்க இருக்குது?”

மில்காரர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜ நீளமுள்ள சிட்டம் (நூல் கட்டு) எத்தனை நிற்கிறதோ அதுதான் நம்பர். 40 சிட்டம் நின்றால் 40ஆம் நம்பர் நூல். நம்பர் கூடக் கூட நூல் ஒல்லியாகும். அதில் இரண்டு இழையை முறுக்கினால் 2/40 என்று எழுதுவார்கள். கனத்தில் அது ஏறக்குறைய 20ஆம் நம்பர் ஒற்றை இழைக்குச் சமம். 2/40, 2/20 இரண்டுமே இரண்டு ப்ளைதான். ஆனால் ஒன்று மற்றதைவிட இரு மடங்கு கனம். இழைக் கணக்கையும் நம்பரையும் சேர்த்துச் சொன்னால்தான் நூல் கண்ணுக்குத் தெரியும். கைபின்னல் நூலில் மட்டும் நாம் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விட்டுவிடுகிறோம்.

அடுத்தது ‘10ஆம் நம்பர் ஊசி’. நான் படித்ததும் சொல்லிக்கொடுத்ததும் பழைய ஆங்கிலேய நம்பர். அதில் 10 என்றால் 3.25 மில்லிமீட்டர். நம்பர் ஏற ஏற ஊசி மெலிந்துகொண்டே போய், 14இல் 2 மில்லிமீட்டர் ஆகிவிடும். அமெரிக்க நம்பர் இதற்கு நேர் தலைகீழ். ஏற ஏறத் தடிக்கும், அவர்களுடைய 10 என்பது 6 மில்லிமீட்டர். அந்தப் பெண்ணுக்கு ஆன்லைனில் வந்தது இந்த ஊசி. 3.25 ஊசியில் ஒல்லி நூலைப் பின்னினால் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 28 லூப் வரும். 104 லூப்புக்கு 37 சென்டிமீட்டர், குழந்தைத் தலைக்குக் கச்சிதம். 6 மில்லிமீட்டர் ஊசியில் குண்டு நூலைப் போட்டால் அதே 10 சென்டிமீட்டரில் 16 லூப்தான் நிற்கும். 104ஐ 16ஆல் வகுத்துப் பாருங்கள், 65 வந்துவிடும்.

குரோஷாக்காரர்களின் பாடு இதைவிடக் கஷ்டம். டாய்லி (மேஜை மேல் விரிக்கும் பூ விரிப்பு) போடும் பருத்தி நூலில் 10, 20, 40 என்று நம்பர் இருக்கும். மில் நம்பரைப் போலவே கூடினால் ஒல்லி. இந்த நூலுக்கான சின்ன ஸ்டீல் ஊசிகளுக்கு அமெரிக்க நம்பரும் அப்படியே, கூடினால் ஒல்லி. ஆனால் வெளிநாட்டு நூலுருண்டையின் லேபிளில் ஒரு சின்ன உருண்டைப் படத்துக்குள் 0 முதல் 7 வரை ஒரு எண் போட்டிருப்பார்கள்; அங்கே கூடினால் குண்டு. இதற்கு மேல், அமெரிக்கர்கள் ‘சிங்கிள்’ என்று சொல்லும் குரோஷாவை நாங்கள் ஆங்கிலேய வழியில் ‘டபுள்’ என்று படித்தோம். அவர்கள் ‘டபுள்’ என்பது எங்களுக்கு ‘ட்ரெபிள்’. குறிப்பு எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரியாமல் மொழிபெயர்த்தால் பூ ஒன்றுக்குப் பதில் வேறொன்றாக வந்து உட்காரும்.

இப்போது உல்லன். இந்தச் சொல்லைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல வேண்டும்.

கோத்தகிரியில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தையல் தெரியும், குரோஷா தெரியும், ஊசிப் பின்னல் பரீட்சைக்குப் படித்த அளவுதான். சக டீச்சர்கள் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை பின்னிக்கொண்டே வருவார்கள். கொண்டை ஊசி வளைவில் எனக்கு வயிற்றைப் புரட்டும். அவர்கள் ஒரு லூப் தவறவிட மாட்டார்கள். அங்கே நான் முதன்முதலாகப் பின்னியது லூதியானாவிலிருந்து வந்த நிஜக் கம்பளி நூலில், காப்பிக் கலர் ஸ்வெட்டர். உடம்புக்கு ஐந்து உருண்டை வாங்கினேன். கைக்குப் போதாமல் பதினைந்து நாள் கழித்து அதே கடையில் அதே காப்பிக் கலரில் இன்னும் இரண்டு வாங்கினேன். வீட்டு பல்பு வெளிச்சத்தில் எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. காலை பிரேயரில் வெயிலில் நின்றபோது எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, “டீச்சர், உங்க கை மட்டும் வேற கலரு” என்றது. லேபிளில் லாட் நம்பர் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும் ஒரு மயிரிழை மாறத்தான் செய்யும். அன்றிலிருந்து ஓர் உருண்டை கூடுதலாகவே வாங்குவேன். லாட் மாறித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு வரிசை பழசு, இரண்டு வரிசை புதுசு என்று மாற்றி மாற்றிப் பின்னிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

அந்தக் கம்பளி நூல் இன்று சமவெளிக் கடைகளில் கிடைப்பது அரிது. ஆனால் பெயர் மட்டும் நின்றுவிட்டது. கோவையில் எந்த ஃபேன்சி ஸ்டோரில் உல்லன் என்று கேட்டாலும் எடுத்துத் தருவது அக்ரிலிக். ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெட்ரோலியத்திலிருந்து செய்கிற செயற்கை இழை. அதில் குற்றம் ஒன்றுமில்லை. விலை குறைவு, கலர் அழகு, பூச்சி அரிக்காது, மெஷினில் போட்டுத் துவைக்கலாம். 2016 ஜனவரியில் சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழுவைச் சேர்ந்த பெண்கள் 11,148 சதுர மீட்டருக்குக் குரோஷா போர்வை செய்து கின்னஸ் சாதனை படைத்தார்களே, அதற்குப் பிறகு எங்கள் பக்கத்திலேயே எத்தனையோ பேர் ஊசி எடுத்தார்கள். அவர்களுக்குக் கைக்கு எட்டிய நூல் அக்ரிலிக்தான். பொம்மைக்கு, போர்வைக்கு, தோரணத்துக்கு அது போதும்.

அடுப்பு மேடைக்கு மட்டும் ஆகவே ஆகாது. அக்ரிலிக் சூட்டில் இளகும், உருகும். என் மருமகள் ஒரு தடவை அக்ரிலிக் ஷாலின் மேல் நல்ல சூட்டில் அயர்ன் பாக்ஸை வைத்துவிட்டாள். எடுத்தபோது அந்த இடம் மட்டும் உயிர் போன மாதிரி தொங்கியது. என்ன செய்தும் பழைய உப்பல் திரும்பவில்லை. ஷால் போனால் போகட்டும். அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியை இறக்கும்போது கரித்துணி உருகி விரலில் ஒட்டினால் என்ன ஆகும்? கரித்துணிக்குப் பருத்தி நூல்தான், அதுவும் நல்ல கனமாக, இரட்டையாக. தங்கள் இணைப்பில் ‘மிச்சமான உல்லன் எதுவானாலும் சரி’ என்று போட்டிருந்தது. தயவுசெய்து அதற்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள்.

கையில் இருப்பது எந்த நூல் என்று தெரியாவிட்டால் அகல் விளக்கு போதும். விரல் நீளத்துக்கு நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி விளக்குத் திரியைப் போலச் சட்டென்று பற்றி, தொட்டால் உதிரும் சாம்பலாகும். கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், தீயை எடுத்தால் தானே அணையப் பார்க்கும். அக்ரிலிக் சுருங்கிச் சொட்டி, ஆறியதும் கறுத்த மணியாக இறுகிவிடும். எதிர்வீட்டுப் பெண்ணின் உல்லனை அப்படித்தான் கொளுத்திக் காட்டினேன். அந்தக் கறுப்பு மணியை வெகுநேரம் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “இதையா டீச்சர் பாப்பா தலைல வெக்கப் பாத்தேன்?” என்றாள். நான் அவ்வளவுக்குப் பயமுறுத்த நினைக்கவில்லை. ஊட்டியில் இருக்கிற குழந்தைக்கு மெத்தென்ற அக்ரிலிக் குல்லா போட்டால் ஒன்றும் ஆகிவிடாது. சிங்காநல்லூரில் சித்திரை மாதம் பிறக்கப்போகிற குழந்தைக்கு எதற்கு? பருத்தி வேர்வையை உறிஞ்சும். கொதிக்கக் கொதிக்கத் துவைத்தாலும் தாங்கும்.

பருத்தியிலும் சூட்சுமம் உண்டு. அது ரப்பர் மாதிரி இழுத்து விட்டால் திரும்பாது, கம்பளி திரும்பும். ஆகவே குல்லாவின் விளிம்பில் இரண்டு நேர், இரண்டு தலைகீழ் என்று ரிப் போட்டு இறுக்க வேண்டும். பருத்தி கனமும் கூட. ஒரே தடிமனுள்ள அக்ரிலிக் 100 கிராமையும் பருத்தி 100 கிராமையும் எடுத்தால் பருத்தியில் நீளம் குறையும். ‘200 கிராம் உல்லன்’ என்று குறிப்பில் போட்டிருக்க, ஒருவர் 200 கிராம் பருத்தி வாங்கினால் கடைசி கைக்கு நூல் பத்தாமல் நிற்பார். கிராமைவிட மீட்டர்தான் நம்பகமான கணக்கு. இன்னொன்று, ‘மில்க் காட்டன்’ என்று இப்போது வருகிறதே, பெயரில் காட்டன் இருப்பதால் முழுப் பருத்தி என்று நினைத்துவிட வேண்டாம். பல நேரம் அக்ரிலிக் கலந்திருக்கும். லேபிளில் சதவீதத்தைப் பாருங்கள்.

லேபிளே இல்லாத நூலுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஒரு பலகை இருக்கிறது. மில்லில் 120 கஜம் சுற்றி எடைபோட்டு நம்பர் பார்ப்பார்கள். அந்த ஞாபகத்தில் வீட்டுக்காரர் எனக்காக ஒரு மரப்பலகையில் 50 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு ஆணி அடித்துக் கொடுத்தார். ஒரு சுற்று ஒரு மீட்டர். இழுக்காமல், தளர விடாமல் 50 சுற்று சுற்றி, சமையலறைத் தராசில் வைக்க வேண்டியதுதான். 12, 13 கிராம் வந்தால் ஒல்லி ரகம், குழந்தைச் சட்டைக்கும் காலுறைக்கும் ஆகும். ஊசி 3 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கட்டும். 20 கிராம் வந்தால் நடுத்தரம், 4 மில்லிமீட்டர். 25 கிராம் வந்தால் குண்டு, 5 மில்லிமீட்டரில் ஆரம்பித்துப் பாருங்கள். இது அக்ரிலிக், கம்பளிக்கான கணக்கு. பருத்திக்கு எடை கொஞ்சம் கூடும். எதிர்வீட்டு உல்லனை இப்படிச் சுற்றியபோது 24 கிராம் காட்டியது. அதாவது குறிப்பை எழுதியவர் மனதில் வைத்திருந்த 4 ப்ளையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு கனம். அதையும் 4 ப்ளை என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். கடைக்காரர் பொய் சொன்னதாகவும் ஆகாது, எண்ணிப் பார்த்தேன், நாலு இழைதான்.

தராசு இல்லாதவர்கள் பென்சிலில் நூலை நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஓர் அங்குல நீளத்துக்குச் சுற்றி எண்ணலாம். ஒன்பது, பத்து சுற்று என்றால் குண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று என்றால் நடுத்தரம். பதினைந்துக்கு மேல் போனால் ஒல்லி. இதிலும் கை இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் வகுப்பில் ஒரு சாண் அகலத்துக்கு சாம்பிள் போட்டு, நடுவில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை லூப் என்று எண்ணாமல் யாரையும் மேலே போக விட மாட்டேன். பிள்ளைகள் என்னைத் திட்டியிருப்பார்கள். பருத்தியில் போட்டால் அந்த சாம்பிளையும் துவைத்துக் காயவைத்துத்தான் அளக்க வேண்டும்.

திருப்பூர் பக்கத்து வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. பனியன் கட்டிங் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு கால்மிதிக்கு ஏன் உல்லன் வாங்குகிறீர்கள்? இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையாக வெட்டி ஓர் இழுப்பு இழுத்தால் துணி தானே சுருண்டு கயிறாகிவிடும். 10 மில்லிமீட்டர் குரோஷா ஊசியில் ஒரு சாயங்காலத்தில் ஒரு மிதியடி முடியும். கை வலிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

குழந்தைப் பொருள் பின்னுகிறவர்களுக்கும் ஒன்று. கையுறை, காலுறைக்கு உள்பக்கம் நூல் நுனி தொங்கக் கூடாது. குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். அது ஏன் அழுகிறது என்றே நமக்குத் தெரியாது. பெரிய ஓட்டை விழும் பூ டிசைனும் கையுறைக்கு வேண்டாம்.

கடிதம் நீண்டுவிட்டது. நான் கேட்பது ஒன்றுதான். இனிப் பின்னல் குறிப்பு போடும்போது உல்லன், ப்ளை, நம்பர் என்பதோடு நிறுத்தாமல், இழை எது, 50 அல்லது 100 கிராமுக்கு எத்தனை மீட்டர், ஊசி எத்தனை மில்லிமீட்டர், 10 சென்டிமீட்டருக்கு எத்தனை லூப் என்பதையும் போடுங்கள். குரோஷா என்றால் ஆங்கிலேய வழியா அமெரிக்க வழியா என்பதையும். சென்ற மாதக் குல்லாவுக்கு அந்த வரி இப்படி இருந்திருக்கலாம்: ‘பருத்தி நூல், 50 கிராமுக்குச் சுமார் 170 மீட்டர், ஓர் உருண்டை போதும், ஊசி 3.25 மி.மீ.; 10 செ.மீ.க்கு 28 லூப்’. தங்கள் பத்தியில் ஒன்றரை வரி இடம்தான் கூடுதலாக ஆகும்.

எதிர்வீட்டுப் பெண் புது நூலும் ஊசியும் வாங்கிவிட்டாள். சாம்பிளில் 26 லூப்தான் வருகிறது. ஊசியை 3க்கு இறக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய குல்லாவைப் பிரித்துவிடலாம் என்றால் அவளுடைய அப்பா தர மாட்டேன் என்கிறார். விளிம்பை இரண்டாக மடித்துக்கொண்டு விடியற்காலையில் வாக்கிங் போகிறார். பிரசவத்துக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. திருத்தம் அதற்குள் வந்தால் நல்லது. கரித்துணிக்கான திருத்தம் இந்த ஞாயிறே வந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை,
சிங்காநல்லூர், கோவை.